இருபது நிமிஷம்

அத்தியாயம் பதினொன்று

மூன்று வாரமாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் பேச வேண்டியதை எல்லாம் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். 'வாலுவுக்கு மூக்கு ஒழுகுது.' 'பெரியவளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ்கூட உருப்படியா இல்லை.' 'ஹீட்டர் சத்தம் போடுது, என்னன்னு பாருங்க.' அதற்குக் கீழே அவன் கையெழுத்தில், 'பாத்தேன். எனக்கும் சத்தம்தான் கேட்டுச்சு.'

குளிர்காலம் வந்தாலே அவனுக்கு வேலை குவியும். பார்சல்கள் பிரிக்கும் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட். ஊரில் யார் யாருக்கு என்ன அனுப்பினாலும் அவன் கையில் இருக்கும் ஸ்கேனரைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த சீசனுக்கென்று ஷிஃப்டை அரை மணி நேரம் நீட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுகிறவன், இப்போது ஆறு இருபத்தைந்துக்கு வந்தான்.

அவளோ ஆறு ஐந்துக்குக் கிளம்பியாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் நாலு வார்டு முடித்து ட்யூப்களை லேபுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு மணி நேரம் தள்ளி வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். "எல்லார் வீட்லயும்தான் குழந்தைங்க இருக்கு" என்றார் லேப் மேடம்.

ஆக, தினமும் விடியற்காலையில் ஏழு வயதுப் பெண்ணும் இரண்டரை வயதுப் பையன் வாலுவும் மட்டும் வீட்டில் இருக்கிற நேரம் இருபது நிமிஷம். அது தங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று கணவன் மனைவி இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிய இன்னும் பத்து நாள்தான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

வியாழக்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. எதிர்க் கட்டடத்தை யாரோ ரப்பரால் அழித்துவிட்ட மாதிரி மூடுபனி.

அவள் கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியவளைத் தட்டி எழுப்பினாள். அப்பா வைத்த பெயர் மேனேஜர். அந்தப் பெயருக்குக் குறை வைக்காத பெண்.

"அம்மா கிளம்பறேன் கண்ணு. தம்பி தூங்கறான். எழுந்தா?"

"பிஸ்கட் ரெண்டு. டிவி வேண்டாம். ஹீட்டர் பக்கம் விடக் கூடாது."

"யாராவது கதவைத் தட்டினா?"

"மூச்சு விடக் கூடாது."

"போன்?"

"அப்பா போட்டோ இல்ல உங்க போட்டோ வந்தாதான் எடுப்பேன். போங்கம்மா, லேட்டாகுது."

தூக்கம் கலையாத கண்ணோடு அந்தக் குழந்தை சொன்ன 'லேட்டாகுது' அவள் நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. நின்று யோசிக்க நேரமில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.

கீழ் வீட்டு வாசலைக் கடக்கும்போது வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு தையல்காரம்மா தனியாக இருந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால், விடிகாலையில் குழந்தைகள் தலைக்கு மேல் ஓடுகிறார்கள் என்று மாடியேறி வந்து சொன்னாள். தூக்கமில்லாத எரிச்சலில் இவள், "உங்க வீட்டு வேலையைப் பாத்துக்கிட்டு இருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

அவன் வந்த கிடங்கு பஸ் பாலத்தில் ஏறியதும் நின்றது. முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடப்பதாக டிரைவர் சொன்னார். எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, "பனிகிட்டதான் கேக்கணும்" என்றார்.

ஆறு இருபத்தைந்து ஆயிற்று. ஆறு நாற்பது ஆயிற்று. அவன் மனைவிக்குப் போன் செய்து பார்த்தான். வார்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவாள் என்று தெரியும். தெரிந்தும் மூன்று தடவை செய்தான். அப்புறம் வீட்டில் இருக்கிற பழைய போனுக்கு அடித்தான்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"பாலத்துல மாட்டிக்கிட்டேன் மேனேஜரம்மா. வண்டி நகரல. வாலு எழுந்துட்டானா?"

"ம். பாத்ரூம்ல இருக்கான்."

"நீயும் கூட இருக்கியா?"

"இல்லப்பா. உள்ள போய் கொக்கி போட்டுக்கிட்டான். திறடான்னா மாட்டேங்கிறான்."

பெரியவளுக்கு எட்டட்டும் என்று அந்தக் கொக்கியைக் கழற்றிக் கீழே இறக்கி மாட்டியது அவன்தான்.

"என்னம்மா அது, தண்ணி சத்தமா?"

"குழாயைத் திறந்துட்டான். கப்பல் விடறானாம்."

பாத்ரூமில், குழாய்க்கு நேர் கீழே, துணி ஊறவைக்கிற பெரிய டப் இருந்தது. நேற்று மாலை அதில் தண்ணீர் நிரப்பித் தன் வேலை உடுப்பை ஊறப்போட்டுவிட்டுக் கிளம்பியவனும் அவன்தான்.

பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கினான். நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே ஓடத் தொடங்கினான். வீடு இன்னும் மூன்று கிலோமீட்டர்.

"போனைக் கதவுகிட்ட வை. வாலு! அப்பா பேசறேன்டா. கொக்கியை மேல தூக்கு பாக்கலாம்."

உள்ளேயிருந்து, "மாட்டேன். கப்பல்" என்று பதில் வந்தது.

"அப்பா உனக்குப் பெரிய கப்பலே வாங்கித் தரேன். கொக்கியைத் தூக்குடா ராஜா."

அதற்கு வந்தது ஒரு சத்தம். எதுவோ வழுக்கி, தண்ணீரில் பொத்தென்று விழுந்த சத்தம்.

"வாலு? டேய் வாலு?"

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அவன் பேச மாட்டேங்கிறான்ப்பா." அதுவரை மேனேஜர் குரலில் பேசிக்கொண்டிருந்தவள் ஏழு வயதுக் குழந்தையாகி அழுதாள்.

"அழாதே. வாசக் கதவைத் திற. ஓடிப்போய்க் கீழ் வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிடு."

"யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு அம்மா..."

"நான் சொல்றேன், திற!"

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. மறு நொடியே ஒரு பெண் குரல், "என்னாச்சு கண்ணு? ஏன் அழறே?" என்றது. குழந்தை படியிறங்கக்கூட நேரமாகவில்லையே, அதற்குள் எப்படி என்று ஓட்டத்தின் நடுவிலும் அவனுக்குத் தோன்றியது.

"தம்பி உள்ள... தண்ணில..."

"கத்தி எங்கடா இருக்கு? ரொட்டிக்கு வெண்ணெய் தடவற கத்தி, மெல்லிசா. சீக்கிரம்."

குட்டிக் கால்கள் ஓடின. டிராயர் ஒன்று முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது. இரும்பு மரத்தில் உரசியது. ஒரு தடவை. இரண்டு தடவை. "வா, வா, வந்துடு" என்று அந்தம்மா கொக்கியைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

எத்தனை நேரம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. மூன்று நொடி இருக்கலாம். அப்புறம் ஓர் இருமல். இன்னொரு இருமல். அதற்கப்புறம் வீறிட்டு ஓர் அழுகை.

தினமும் எந்த அழுகையைக் கேட்டால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வானோ, அதே அழுகை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். நின்றிருந்த கார் ஒன்றின் கண்ணாடி இறங்கி, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றான். எழுந்து மறுபடி ஓடினான்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டாவது படுக்கைப் பெரியவருக்கு நரம்பு சிக்கவில்லை. குளிர்காலத்தில் இது ஒரு தொல்லை. குளிரில் சுருங்கி எல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அவள் அவர் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"கொஞ்சம் மெதுவாத் தேயும்மா. நெருப்புப் பத்திக்கப்போவுது" என்றார் பெரியவர்.

சிரித்துக்கொண்டே ரப்பர் பட்டையை இறுக்கி, விரலால் தடவித் தடவி ஓர் இடத்தைப் பிடித்தாள். ஊசி இறங்கியது. ட்யூபில் ரத்தம் ஏறத் தொடங்கியபோது லேபில் கூட வேலை செய்கிறவள் வார்டு வாசலில் வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று இவளுக்குப் புரிந்துவிட்டது.

"புள்ளைங்க ரெண்டும் நல்லாருக்கு. முதல்ல அதைக் காதுல வாங்கிக்க" என்றாள் வந்தவள். "உன் வீட்டுக்காரர் லேபுக்குப் போன் பண்ணார். சின்னவன் தண்ணி டப்புல விழுந்துட்டானாம். எடுத்துட்டாங்க. ஒண்ணும் ஆகல."

பாதி ட்யூப்தான் நிரம்பியிருந்தது. அவள் கை அசையவில்லை. முதல் ட்யூபைக் கழற்றி இரண்டாவதை மாட்டினாள். அதுவும் நிரம்பியது. பட்டையை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை அழுத்தினாள், பெயர் ஒட்டினாள்.

"அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்குங்க ஐயா."

"நீ போம்மா. நானே பிடிச்சுக்கறேன். ஓடு" என்றார் பெரியவர்.

அவள் காரிடாரில் ஓடினாள். லேப் மேடத்திடம் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"வீட்ல யார் இருந்தாங்க அப்போ?"

அவள் மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள். மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. "மீதி வார்டை நான் பாத்துக்கறேன். கிளம்பு" என்று சொல்லிவிட்டு, தன் மேஜையிலிருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வரும்போது மணி எட்டேகால். கூடத்தில் தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சாம்பல் நிறச் சால்வைக்குள் ஒரு மூட்டை. மூட்டையின் மேல் முனையில் வாலுவின் முகம் மட்டும் தெரிந்தது. வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மேனேஜர் பக்கத்தில் நின்று அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. கை தலைக்குப் போயிற்று. முடியின் அடியில் இன்னும் ஈரம்.

"தலை எப்படி நனைஞ்சுது?"

"விழுந்து முழுகினவன் தானே எழுந்து நின்னுட்டாம்மா" என்றாள் தையல்காரம்மா. "நான் உள்ள போறப்போ டப்பு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். முழுங்கின தண்ணியை எல்லாம் வாந்தி எடுத்துட்டான். இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிடு. நெஞ்சுல தண்ணி தங்கியிருந்தா இப்ப தெரியாது."

"பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றான் அவன்.

அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தபோது வேறு ஒன்றுதான் வெளியே வந்தது.

"எப்படிக்கா சரியான நேரத்துக்கு மேல வந்தீங்க?"

தையல்காரம்மா தன் ஸ்வெட்டரில் குத்தியிருந்த ஊசியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மேல வரலை. இங்கதான் இருந்தேன். உங்க வாசப்படியில."

"எதுக்கு?"

"காலங்காத்தால உன் செருப்புச் சத்தம் இறங்கிப் போகுது. கொஞ்ச நேரம் கழிச்சு இவர் பூட்ஸ் சத்தம் ஏறி வருது. நடுவுல சின்னக் கால் சத்தம் மட்டும்தான் கேக்குது. எனக்கு முதல்ல புரியல. புரிஞ்சப்புறம் கீழ உட்கார்ந்து தைக்க முடியல. போன திங்கக்கிழமையிலேருந்து பட்டன் வேலையை எடுத்துக்கிட்டு வந்து படியில உட்கார்ந்துடறேன். இவர் வர்ற சத்தம் கேட்டதும் நைசா இறங்கிப் போயிடுவேன்."

"ஒரு வார்த்தை கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமேக்கா."

"என் வீட்டு வேலையைப் பாக்கச் சொன்னியே."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனாலேயே இவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தையல்காரம்மா எழுந்தாள். வாசல் வரை போனவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அப்புறம் வேற யார் மூலமாவது தெரிய வேண்டாம். நேத்து யூனிஃபார்ம் கொடுக்க ஸ்கூலுக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில ஒரு லெட்டர் வச்சுட்டு வந்தேன். குழந்தைங்க தனியா இருக்குன்னு எழுதியிருக்கேன். என் பேரைப் போட்டுத்தான் எழுதியிருக்கேன்."

அவன் சட்டென்று தலை நிமிர்ந்தான். "ஏங்க, எங்ககிட்டக் கேட்டிருந்தா நாங்களே..."

"நீங்களே என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

அவள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனாள்.

"பத்து நாள்தானே, பத்து நாள்தானேன்னு சொன்னது யாரு?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும்தான் சொன்னோம்."

"டப்புல துணி போட்டது யாரு?"

"நான்."

"கொக்கியை இறக்கினது?"

"நான்தான். எல்லாம் நான்தான். போதுமா?"

சண்டையைத் தொடர இரண்டு பேருக்குமே தெம்பில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே அவன் கண் சொருகிக்கொண்டு போயிற்று. முதல் நாள் மாலையிலிருந்து தூங்காதவன். மூன்று கிலோமீட்டர் பனியில் ஓடி வந்தவன். சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டான்.

ஒன்பது மணிக்கு அவளே ஸ்கூலுக்குப் போன் செய்தாள். இன்று பெரியவள் வரமாட்டாள் என்று ஆரம்பித்து, குரல் உடைவதற்குள் காலையில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். ஆபீஸ் கிளார்க் அதற்கு விடவில்லை.

"நாங்களே உங்களுக்குப் போன் பண்ண இருந்தோம் மேடம். ஹெச்.எம். நாளைக்குப் பத்து மணிக்கு உங்களைப் பாக்கணும்கறாங்க. ரெண்டு பேருமே வரணும். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. பொண்ணுகிட்டத் தனியாப் பேசணுமாம்."

"தனியாவா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு வாலுவைப் படுக்கையில் கிடத்தினாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். அப்புறம் வந்து கணவனின் காலடியில் உட்கார்ந்தாள். பூட்ஸ் முழுக்க ஈரம். இப்படியே தூங்கினால் ஜுரம்தான் வரும். ஒரு காலை மடியில் தூக்கி வைத்து நாடாவை அவிழ்த்துக் கழற்றினாள். அவன் அசையவே இல்லை.

மேனேஜர் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, ஹெச்.எம். என்கிட்டப் பேசுவாங்களா?"

"ஆமாம் கண்ணு."

"நான் என்ன சொல்லணும்?"

மூன்று வாரமாக இந்தக் குழந்தைக்கு என்னென்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். எடுக்கக் கூடாது, திறக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

"என்ன நடந்துச்சோ அதைச் சொல்லு. எதையும் மறைக்க வேண்டாம். அம்மா திட்ட மாட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

பெரியவள் தூங்குகிற அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்போ அன்னைக்கு அப்பா வராததையும் சொல்லலாமா?"

"என்னைக்கு?"

"வாலுவுக்கு ஊசி போட்டதுக்கு மறுநாள். அப்பா எட்டு மணி வரைக்கும் வரலை. நான்தான் அவனுக்குப் பாலெல்லாம் கொடுத்தேன். அப்புறம் அப்பா வந்தாரு. பஸ்ல வரலை. ஒரு கார்ல வந்து இறங்கினாரு. நான் ஜன்னல்ல பாத்தேன்." அவள் அம்மாவின் காதருகே வந்தாள். "அம்மாகிட்டச் சொல்லாதே, அப்பாவே சொல்றேன்னாரு. சொல்லிட்டாரா?"

அன்று ஃபிரிட்ஜ் தாளில் அவள் கேட்டதும் அதற்குக் கீழே அவன் எழுதியதும் அவளுக்கு நினைவு வந்தது. 'ஆறு இருபத்தைந்துக்கெல்லாம் வந்துட்டேன், பசங்க தூங்கிட்டுதான் இருந்தாங்க' என்று எழுதியிருந்தான். அவளும் நிம்மதியாகப் படித்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது பூட்ஸின் நாடா அவள் விரல்களில் இருந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை. அவன் காலை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"என்னங்க" என்றாள். "எழுந்திருங்க."